புத் சர்க்யூட்ல ப்ரேக் பிடிக்கக் கத்துக்கிட்ட கதை

கிரேட்டர் நொய்டால ஃபார்முலா 1 (எஃப்1) ரேஸ் நடந்த ட்ராக் இருக்கே, அந்த புத் சர்க்யூட்ல கார் ஓட்டிட்டு வந்தேன்னு தெரிஞ்சதுல இருந்து யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான், எவ்ளோ ஸ்பீடு போனீங்க. ஆபீஸ்ல அதே, மயூர் விஹார்ல காய் வாங்கப் போனா பக்கத்து ஃப்ளாட் மாமாவும் அதே, மலை மந்திர்ல பிரசாத லைன்ல நின்னப்ப கூட முன்னாடி நின்ன ஒருத்தர் திரும்பிப் பார்த்து அதேதான் கேட்டார். சரி, சொல்லிடறேன், 212. மீட்டர்ல பார்த்தது, அதுவும் ஓரக்கண்ணால. ஆனா அந்த நம்பர்ல என் திறமைன்னு எதுவும் கிடையாது. 1 கிலோமீட்டருக்கு மேல நேரா கிடக்கற ரோட்ல 350 ஹெச்பி காரை மிதிச்சா யார் வேணா போகலாம், எங்க அத்தை கூட போவாங்க. அந்த 212ல இருந்து 70க்கு இறங்கி, வளைவுக்குள்ள போயி, ஒழுங்கா வெளிய வந்தியாங்கறதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்கல, அதனால நானே எழுதிடறேன்.

கார் என்னோடது இல்ல. குர்கான்ல இருக்கற காலேஜ் நண்பனோட போர்ஷே 718 கேமன் எஸ். 2.5 லிட்டர் டர்போ, 4 சிலிண்டர், இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, பின் சக்கரத்துக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கும், மொத்த எடை 1400 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. "மச்சான் நீயும் ஒரு செஷன் ஓட்டுடா"ன்னு அவனா சொன்னான். நான் உடனே சரின்னு சொல்லல, ஏன்னா நம்ம நாட்டு மோட்டார் பாலிசில ரேஸ், ஸ்பீடு டெஸ்ட் இதெல்லாம் வெளியன்னு தெளிவா எழுதியிருக்கும், ட்ராக்ல சுவத்துல இடிச்சா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான், அவ்வளவு காசு என்கிட்ட இல்ல. அதுக்கு அவன் சொன்ன பதில், "இடிக்காம ஓட்டு". இப்படி ஒரு நண்பன் எல்லாருக்கும் அமையாது.

பிப்ரவரி காலை. டெல்லிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, நொய்டா எக்ஸ்பிரஸ்வே முழுக்க மூடுபனி, முன்னாடி போற லாரியோட சிவப்பு லைட்டைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தோம். பனி விலகற வரைக்கும் ட்ராக்கைத் திறக்க மாட்டாங்க, ஏன்னா கொடி காட்டற மார்ஷல்கள் நிக்கற ஒரு போஸ்ட்ல இருந்து அடுத்த போஸ்ட் தெரியணும், இவங்க காட்டற கொடி நமக்குத் தெரியணும். அதுவரைக்கும் காரெல்லாம் நிக்கற பிட் லேன்ல டீ குடிச்சுக்கிட்டு மத்தவங்க காரைச் சுத்திச் சுத்திப் பார்க்கறதுதான் வேலை. அந்த நேரத்துல நண்பன் டயர்ல காத்தைக் குறைச்சுக்கிட்டு இருந்தான். ரோட்டுக்குச் சொன்ன அளவுலயே விட்டா, ட்ராக்ல டயர் சூடாகி உள்ள காத்து விரிஞ்சு 6, 7 பிஎஸ்ஐ ஏறிடும், அப்புறம் டயர் நடுவுல மட்டும் ரோட்டைத் தொடும், பிடிமானம் போயிடும். அதனால குளிர்ச்சியா இருக்கும்போதே குறைச்சு வச்சு, ஓட்டிட்டு வந்ததும் சூட்டோட சூடா மறுபடி செக் பண்ணணும்.

இந்த இடத்தைப் பத்திக் கொஞ்சம். 2011ல திறந்தது, 5.125 கிலோமீட்டர், 16 வளைவு, வரைஞ்சது ஹெர்மான் டில்கேங்கற ஜெர்மன்காரர், உலகத்துல பாதி புது எஃப்1 ட்ராக் அவர் போட்டதுதான். முதல் வருஷம் ப்ராக்டிஸ்ல ஒரு தெருநாய் ட்ராக்குள்ள ஓடி வந்து செஷனையே நிறுத்திருச்சு, வெளிநாட்டுப் பத்திரிகை எல்லாம் அதைத்தான் பெருசா எழுதுச்சு. எனக்கு ஞாபகம் இருக்கறது வேற, நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஹெச்ஆர்டிங்கற கடைசி வரிசை டீமோட காரை வச்சுக்கிட்டு 17ஆவதா முடிச்சது. அந்தக் காரைத் தெரிஞ்சவங்களுக்கு அந்த 17 எவ்வளவு பெருசுன்னு தெரியும். 2011, 12, 13 மூணு வருஷமும் ஜெயிச்சது ரெட் புல் டீமோட செபாஸ்டியன் வெட்டல், 2013ல இங்கயே சாம்பியன்ஷிப்பையும் முடிச்சுட்டு, மெயின் ஸ்ட்ரெயிட்ல காரை வட்டமாச் சுத்திப் புகை கிளப்பி, இறங்கி அதைக் கும்பிட்டாரு, அதுக்கு டீமுக்கு 25,000 யூரோ ஃபைன். அதோட எஃப்1 இந்தப் பக்கம் வரவே இல்ல. 2023ல மோட்டோஜிபி பைக் ரேஸ் ஒரு தடவை வந்துச்சு. மத்தபடி வரி, கோர்ட்டு, கடன்னு இந்த இடத்தோட கதை நீளம், அதைச் சொல்ல ஆரம்பிச்சா வயிறுதான் எரியும்.

இன்ஸ்ட்ரக்டர் பக்கத்து சீட்ல வந்து உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள்ள மைக்கைச் சரி பண்ணிட்டு இந்தில ஆரம்பிச்சாரு. அவர் வாய்ல "சாமான்"னு ஒரு வார்த்தை வந்த விதத்துல எனக்கு சந்தேகம், எந்த ஊருன்னு கேட்டா, கோயமுத்தூருங்ணா. அப்புறம் என்ன, மிச்ச காலை முழுக்க கொங்குத் தமிழ்லதான். என்னை விட பத்து வயசாவது சின்னவர், தம்பின்னே கூப்பிட்டேன். இந்தியால மோட்டார் ரேஸ்னா சுத்திச் சுத்தி கோயமுத்தூர்லயும் சென்னையிலயும்தான் வந்து நிக்கும். ஒரு பக்கம் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே, இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை. தம்பி ரெண்டுலயும் ஓட்டினவர். "கரி சின்னதுங்ணா, 2 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா மூச்சு விட விடாது, அங்க ஓட்டினவனுக்கு இங்க நேரம் நிறைய இருக்கற மாதிரி தோணும்" அப்படின்னாரு. எனக்கு எங்கயும் நேரம் இருக்கற மாதிரி தோணல, அது வேற விஷயம்.

முதல் வேலையா சீட்டைச் சரி பண்ண வச்சாரு. நான் வழக்கமா ஓட்டற மாதிரி சாஞ்சு உட்கார்ந்திருந்தேன், அவர் சீட்டை முன்னாடி தள்ளி, முதுகை நிமித்தி, கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டியரிங்கோட மேல் விளிம்புல படணும், ப்ரேக்கை முழுசா அமுக்கினப்பவும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும்னாரு. காரணம் வளைவுல தெரிஞ்சுது. உடம்பு ஆடிச்சுன்னா ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் தொங்க ஆரம்பிச்சிடறோம், அப்புறம் முன் டயர் என்ன சொல்லுதுன்னு கைக்குத் தெரியாது. கியரை ஆட்டோமேட்டிக்லயே விடச் சொல்லிட்டாரு, "ஸ்டியரிங் பின்னாடி கியர் மாத்தற பேடில் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்ணா, இப்ப கண்ணுக்கே வேலை சாஸ்தி".

டெக்னிக்கல் ட்ராக்குன்னு, அதாவது வேகத்தை விட நுணுக்கம் வேணும்னு, ஓட்டறவங்க எதைச் சொல்றாங்கன்னு எனக்கு மூணாவது வளைவுலதான் புரிஞ்சுது. முதல் வளைவு வலது பக்கம், அதைத் தாண்டி மேடு ஏறி மூணாவது வளைவு, அதுவும் வலது, மெதுவான வளைவு. ஏத்தத்துல இருக்கறதால உள்ள நுழையும்போது வெளிய போற இடம் கண்ணுக்கே தெரியாது, வானம்தான் தெரியும். அதை முடிச்சதும் அந்த 1 கிலோமீட்டர் ஸ்ட்ரெயிட். இப்போ மனுஷ புத்தி என்ன சொல்லும், வளைவுக்குள்ள வேகமா போன்னு. போனா என்ன ஆகும், கார் வெளிப்பக்கம் அகலமா போகும், அதைப் பிடிச்சுத் திருப்பறதுக்குள்ள ஆக்சிலரேட்டர் மிதிக்க நேரமாயிடும், அந்த நேரமான அரை செகண்டு ஸ்ட்ரெயிட் முழுக்க நம்ம கூடவே வந்து கடைசில பக்கத்துல வர்றவன் நம்மளைத் தாண்டிப் போயிடுவான். மாறா உள்ள போறப்பவே இன்னும் கொஞ்சம் வேகத்தை விட்டுக் குடுத்து, திரும்பறதைத் தள்ளிப் போட்டு, வளைவோட உள் ஓரத்தை ரொம்ப லேட்டா தொட்டா, அந்த இடத்துல கார் ஏற்கனவே நேரா பார்த்துக்கிட்டு நிக்கும், அங்கயே காலைத் தைரியமா இறக்கலாம். "பொறுங்ணா... பொறுங்ணா... இன்னும் திருப்பாதீங்க... இப்ப!" அப்படின்னு ஹெட்செட்ல வரும். அந்த இன்னும்ங்கறதுக்கும் இப்பங்கறதுக்கும் நடுவுல இருக்கற நேரம் இருக்கே, நேரா புல்லுக்குள்ள போகப் போறோம்னுதான் மனசு சொல்லும். போக மாட்டோம். இதுல வேடிக்கை என்னன்னா, ரெண்டு மூணு சுத்து சரியா பண்ணின பிறகு, முன்னாடியே திருப்பறதுதான் பயமா இருந்துச்சு.

இப்போ நாலாவது வளைவு, ஸ்ட்ரெயிட் முடியற இடம், வலது பக்கம் ஹேர்பின். எஃப்1 கார் எல்லாம் 300க்கு மேல வந்து இங்கதான் ப்ரேக் பிடிக்கும். நமக்கு 212. வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கற சக்தி நாலு மடங்குன்னு ஸ்கூல்ல படிச்சது வெறும் பரிட்சைக்கு இல்லன்னு இங்கதான் தெரியும். சும்மா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், எங்க ரெண்டு பேரையும் சேர்த்து 1550 கிலோன்னு வச்சா, 212ல இருந்து 70க்கு இறக்கறதுக்கு ப்ரேக் டிஸ்க் வாங்கிக்கற சூட்டை அப்படியே எடுத்து அடுப்புல வச்சா கிட்டத்தட்ட 7 லிட்டர் பச்சைத் தண்ணி கொதிச்சிடும். இது சுமார் 4 செகண்டுல, 150 மீட்டர் சொச்சத்துல. அடுத்த சுத்து மறுபடி. இந்த சூட்டுல ஒரு பகுதி டிஸ்க்கை அமுக்கற பேட் வழியா போய் ப்ரேக் ஆயிலைத் தொடும். டாட் 4ங்கற வகை ப்ரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஆனா அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், ஈரம் ஏற ஏற கொதிக்கற அளவு 155 வரைக்கும் கூட இறங்கிடலாம். கொதிச்சா ஆவி, ஆவியை அமுக்கினா அமுங்கும், பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிக்காது. அன்னைக்கு ஒரு பெரிய செடான் அப்படித்தான் ரன்-ஆஃப்ல, அதாவது ட்ராக்குக்கு வெளிய விட்டிருக்கற காலி இடத்துல, நேரா போய் நின்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, அவர் இறங்கி வந்து "கடைசியா ஆயில் எப்ப மாத்தினேன்னே ஞாபகம் இல்ல"ன்னாரு. எஞ்சின் ட்யூனிங்குக்கு லட்சக்கணக்குல செலவு பண்றவங்க இந்த சில ஆயிரத்தை ஏன் மறக்கறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

ப்ரேக் மிதிக்கற முறையே வேற. நம்ம ரோட்ல நாம பண்றது என்ன, முதல்ல லேசா தொட்டு, அப்புறம் கொஞ்சம், கடைசில முன்னாடி ஆட்டோ திடீர்னு நின்னதும் ஒரே அமுக்கு. இங்க அப்படியே தலைகீழ். வேகமா இருக்கும்போதுதான் முழு பலத்தோட மிதிக்கணும், வேகம் குறையக் குறைய காலைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். முழு பலம்னா நிஜமாவே முழு பலம், பெல்ட் நெஞ்சுல அழுத்தும், சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற ஏபிஎஸ் காலுக்கடியில தடதடன்னு உதறும். அதோட முடியல, காலை ஒரேடியா எடுக்காம ஒரு துளி ப்ரேக்கோடயே திரும்ப ஆரம்பிக்கணும். ஏன்னா ப்ரேக் பிடிக்கும்போது காரோட எடை முன்னாடி சாயுது, முன் டயர் ரோட்டுல அழுந்துது, அப்பதான் அது நல்லாத் திரும்பும். ஆனா ஒரு டயர்கிட்ட இருக்கற பிடிமானம் ஒரு அளவுதான், எல்லாத்தையும் ப்ரேக்குக்கே குடுத்துட்டா திரும்பறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால ஸ்டியரிங் எவ்வளவு திரும்புதோ அவ்வளவு ப்ரேக் குறையணும், கையும் காலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே இருக்கணும். எழுதறது ஈஸி.

அதுக்கப்புறம் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் வளைவு ஜோடி ஜோடியா வரும். இங்க 350 ஹெச்பி இருந்தும் பிரயோஜனம் இல்ல, மிதிக்கவே இடம் இருக்காது. ஜோடியில முதல் வளைவை ஆசை தீர ஓட்டினா ரெண்டாவதுக்கு தப்பான ஓரத்துல போய் நிப்போம். ரெண்டாவதுக்காக முதலாவதை வேணும்னே அசிங்கமா ஓட்டணும். எங்க நிக்கணும்னு தெரியணும்னா முன்கூட்டியே அதைப் பார்த்திருக்கணும், தம்பி அதிகமா சொன்னதும் இதுதான், "கண்ணைத் தூக்குங்ணா. பானெட்டு முன்னாடி என்ன இருக்கு, அதெல்லாம் முடிஞ்சு போச்சு. அடுத்தது எங்கன்னு பாருங்க." நிஜமாவே கண்ணு தூரமா போனதும் ரோடே மெதுவா வர்ற மாதிரி ஆயிடுச்சு, கை தானா சரியான அளவு திரும்புது. அங்க நாங்க உள்ள வரும்போது ஒரு போஸ்ட்ல மஞ்சக் கொடி, முன்னாடி ஒருத்தர் சுத்தி வெளிய போயிருந்தாரு, ட்ராக் மேல மண்ணு. இந்த ட்ராக்ல ஓட்டற லைனை விட்டு ஒரு மீட்டர் தள்ளினாலே புழுதிதான், எஃப்1காரங்களே அதைத்தான் குறை சொன்னாங்க. வேகத்தைக் குறைச்சு, யாரையும் தாண்டாம, அவரைக் கடந்து போனோம், புல்லுல நின்ன அவர் ஜன்னல் வழியா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு.

இந்த இடத்துல நடுவுல இன்ஜின் இருக்கற காரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எடையில பாதிக்கு மேல பின் பக்கம், அதுவும் நடு மையத்துக்குக் கிட்ட. அதனால சட்டுன்னு திரும்பும், சட்டுன்னு பின்னாடியும் சுத்தும். வளைவு நடுவுல பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை டக்குன்னு எடுத்தா எடை முன்னாடி பாயும், பின் டயர் லேசாகும், பின்பக்கம் நகர ஆரம்பிக்கும். பயம் வந்தா காலை எடுக்கறதுதானே நம்ம சுபாவம், அந்த சுபாவமே இங்க எதிரி. தம்பி அதை எனக்குப் புரிய வைக்கறதுக்காக ஒரு மெதுவான இடத்துல வேணும்னே காலை எடுக்கச் சொன்னாரு. பின்னாடி ஒரு அசைவு, கார் சுத்தாம பார்த்துக்கற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பிடிச்சு நேராக்கிடுச்சு. "பாத்தீங்களா? இதே 150ல நடந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோங்" அப்படின்னு சாவகாசமா சொல்றாரு மனுஷன்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது பத்து-பதினொண்ணு. வலது பக்கமா நீளமா போய்க்கிட்டே இருக்கற வளைவு, லேசா சாய்வும் உண்டு, முடியுது முடியுதுன்னு நினைக்கும்போது இன்னும் இருக்கும். இங்க ப்ரேக் பிடிக்கற வீரமும் வேலைக்காகாது, மிதிக்கற வீரமும் வேலைக்காகாது. பொறுமைதான். உள் ஓரத்தை ஒரு தடவை தொட்டு, காரைக் கொஞ்சம் நடுவுக்கு விட்டு, மறுபடி ரெண்டாவது தடவை உள்ள கொண்டு வரணும். இந்த நேரம் முழுக்க ஆக்சிலரேட்டர்ல கால் ஒரே அளவுல இருக்கணும், ஒரு முடியளவு கூட்டினா முன்பக்கம் வெளிய தள்ளும், ஒரு முடியளவு குறைச்சா உள்ள வரும். அதாவது காரைத் திருப்பறது ஸ்டியரிங் இல்ல, கால் கட்டை விரல். முன்பக்கம் தள்ள ஆரம்பிச்சப்ப நான் ஸ்டியரிங்கை இன்னும் திருப்பப் போனேன், எல்லாரும் அதைத்தான் செய்வோம், தம்பி உடனே "ஸ்டியரிங்கை லேசா நேராக்கி விடுங்ணா, டயர் ஏற்கனவே திணறுது, இன்னும் ஏன் கேக்கறீங்க" அப்படின்னாரு. கையைக் கொஞ்சம் தளர்த்தினா, டயர் மறுபடி பிடிக்குது! முதல் தடவை அது கைக்குத் தெரிஞ்சப்ப ஹெல்மெட்டுக்குள்ள தனியா சிரிச்சுக்கிட்டேன். கழுத்து மட்டும் அடுத்த நாள் வரைக்கும் வலி, உடம்பு முழுக்க இடது பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும், ஹெல்மெட் வெயிட் வேற.

ஃபோன் ஆப்ல பார்த்தா எங்க நல்ல சுத்து 2 நிமிஷம் 20 செகண்டுக்குப் பக்கம். 2011ல வெட்டல் போட்ட ரேஸ் லேப் ரெக்கார்டு 1:27.249. நடுவுல இருக்கற 53 செகண்டுல ஒரு டம்ளர் காபி குடிக்கலாம். ஆனா அந்த ஆப்புல ஒரு விஷயம் நல்லா தெரிஞ்சுது, காலைல ஆரம்பத்துக்கும் கடைசி சுத்துக்கும் ஸ்ட்ரெயிட்ல வந்த உச்ச வேகத்துல பெருசா வித்தியாசம் இல்ல. நேரம் குறைஞ்சது எல்லாமே மூணு, ஆறு முதல் ஒன்பது, பத்து-பதினொண்ணு, இந்த இடங்கள்லதான். அதுலயும் பாதி இடத்துல நான் நுழையற வேகம் முதல்ல இருந்ததை விடக் கம்மி.

கடைசி சுத்து ஆறப் போடற சுத்து. ப்ரேக்கைத் தொடாம, மெதுவா, டிஸ்க்குக்குக் காத்து விட்டுக்கிட்டே வரணும். பிட்ல நிறுத்தினதும் ஹேண்ட்ப்ரேக் போடக் கூடாது, நிறைய கார்ல கொதிக்கற டிஸ்க்கை பேட் அப்படியே கவ்விக்கிட்டு நின்னா அந்த இடம் மட்டும் ஒரு மாதிரி ஆயிடும். கியரை 'பி'ல போட்டுட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வச்சாப் போதும். நண்பன் காரைச் சுத்தி வந்து ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்த்தான், வெளி ஓரம் தேய்ஞ்சிருந்துச்சு, என்னை ஒரு பார்வை பார்த்தான், ஒண்ணும் சொல்லல. மதிய சாப்பாட்டு பில்லை நான் குடுத்துட்டேன்.

திரும்பி வர்றப்ப எக்ஸ்பிரஸ்வேல ஒருத்தன் ஹெட்லைட்டை அடிச்சுக்கிட்டே லேன் மாறி மாறி 150ல போறான். அவனுக்கு ரன்-ஆஃப் கிடையாது, மார்ஷல் கிடையாது, எதிர்ல ராங் சைடுல ட்ராக்டர் வர சான்ஸ் உண்டு. நண்பன், "இவனை அந்த மூணாவது வளைவுல விடணும்டா, தானா அடங்குவான்"ன்னான். அடங்குவானான்னு எனக்கு சந்தேகம்தான், மூணாவது வளைவுலயும் வேகமா உள்ள போய் வெளிய மண்ணுலதான் நிப்பான்.

அடுத்த தடவை போர்ஷே வேணாம்னு சொல்லிட்டேன். என்கிட்ட ஒரு பழைய போலோ ஜிடி இருக்கு, 105 ஹெச்பி, அதைக் கொண்டு வரட்டுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே தம்பிகிட்ட கேட்டேன். "அதுதாங்ணா நல்லது, அதுல தப்பு பண்ணா காரு மறைக்காது" அப்படின்னு சொல்லிட்டு, என்னென்ன வேணும்னு வாட்ஸாப்ல அனுப்பியிருக்காரு. புது டாட் 4 ஆயில், நல்ல முன் பேட், காரைக் கட்டி இழுக்கற டோ ஹுக் கைல இருக்கணும், காருக்குள்ள எதுவும் உருளக் கூடாது, பேட்டரி ஆடக் கூடாது. ஏப்ரல் வந்துட்டா டெல்லி வெயில்ல காரும் தாங்காது மனுஷனும் தாங்க மாட்டான், அதனால மார்ச்சுக்குள்ள முடிக்கணும். இந்த சனிக்கிழமை கார் பார்ட்ஸ் விக்கற காஷ்மீரி கேட் மார்க்கெட்டுக்குப் போறேன், பேட் விலையைக் கேட்டுட்டு மிச்சத்தை யோசிக்கணும்.